வடக்குப்புற நிழலில் ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும் பெரணி எது?

வடக்குமுற்றம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்திற்கு அருகே பன்னிரண்டு சென்ட் நிலத்தில் எங்கள் வீடு இருக்கிறது. வீட்டின் வடக்குச் சுவருக்கும் மதிலுக்கும் இடையே பதினெட்டு அடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள ஒரு துண்டு நிலம் பல ஆண்டுகளாகச் சும்மா கிடக்கிறது. பக்கத்து விளையில் நிற்கும் ஆஞ்சிலியும் எங்கள் பலாவும் சேர்ந்து அதை மூடியிருப்பதால், நண்பகலில்கூட வெயில் அங்கே காசளவுப் பொட்டுகளாகத்தான் விழும். செம்பருத்தி நட்டேன், கழிபோல நீண்டதே தவிர ஒரு மொட்டும் வைக்கவில்லை. குரோட்டன் நட்டேன், நிறமெல்லாம் வெளிறி வெறும் பச்சையாகிவிட்டது. ஆனால் மழைக்காலத்தில் மதில் பாசி பிடித்ததும், யாரும் நடாத பெரணிகள் கல்லிடுக்குகளில் தாமாகவே முளைத்துத் தழைக்கின்றன. தை பிறந்ததும் அவை காய்ந்து பழுப்பாகித் தொங்கிவிடுகின்றன. பெரணி வளரக்கூடிய இடம் இது என்பது அதனால் தெரிகிறது. காயாமல் நிற்கும் பெரணி எது என்பதுதான் தெரியவில்லை.

இணையத்தில் தேடியபோது 'கிறிஸ்துமஸ் பெரணி' என்று ஒன்றைக் கண்டேன். நிழலில் வளரும், ஆண்டு முழுவதும் பசுமை மாறாது என்று எழுதியிருந்தார்கள். டிசம்பரில் குடில் கட்டுவதற்குப் பச்சை இலை தேடி அலைகிறவர்கள் நாங்கள் என்பதால் பெயரே என்னை ஈர்த்துவிட்டது. அதை வரவழைக்கலாமா, அல்லது நம் ஊரிலேயே வேறு ஏதேனும் உண்டா? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: சுவரோரம் பெரணி அடர்ந்தால் பாம்பு வந்து அடையும் என்று என் மாமியார் இப்போதே எதிர்ப்புத் தெரிவித்திருக்கிறார்.

பழைய தாவரவியல் வாத்தியார் எழுதியது:

சகோதரி, கிறிஸ்துமஸ் பெரணியை வரவழைக்க வேண்டாம். அது வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளுக்கு உரியது; பாலிஸ்டிக்கம் அக்ரோஸ்டிகாய்டிஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். அந்த நாட்டில் இலையுதிர்காலம் முடிந்து காடே மொட்டையாக நிற்கும்போது, இது மட்டும் தன் ஓலைகளைத் தரையோடு படியவிட்டுப் பனிக்கு அடியிலும் பச்சையாகக் கிடக்கும். கிறிஸ்துமஸ் அலங்காரத்திற்கு அப்போது பறிக்கக் கிடைப்பது அதுதான் என்பதால் அந்தப் பெயர் வந்தது. ஆண்டுதோறும் குளிர்காலத்தில் ஓய்வெடுத்துப் பழகிய செடி அது. நம் ஊரின் வெக்கையான இரவுகளில் அது நலிந்துபோவதற்கே வாய்ப்பு அதிகம்.

இதில் ஒரு சொல்லை மட்டும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 'பசுமை மாறாத' என்று அவர்கள் எழுதும்போது, பனிக்காலத்தைத் தாண்டி நிற்பது என்று பொருள். நமக்குப் பனியும் இல்லை, உறைபனியும் இல்லை. நம் பெரணிக்கு வரும் சோதனை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு கோடை மழை பிடிக்கும்வரை உள்ள தை, மாசி, பங்குனி மாதங்கள்தாம். ஆகவே ஒரு செடியைப் பசுமை மாறாதது என்று யாராவது விற்றால், மாசி மாதத்தில் அது எப்படி இருக்கும் என்று கேளுங்கள். உங்கள் மதிலில் முளைத்துக் காய்வது பெரும்பாலும் அடியாண்டம் வகையாக இருக்கும். கறுத்து மெலிந்த காம்பும் விசிறி போன்ற சிற்றிலையும் உடையதா என்று பாருங்கள். அது சாகவில்லை. ஈரம் குறைந்ததும் ஓலையை உதிர்த்துவிட்டு, கல்லிடுக்கில் வேர்த்தண்டாக உறங்குகிறது. அடுத்த மழைக்கு மறுபடியும் எழுந்துவரும்.

தென்னை மரத்திலும் பழைய சுவரிலும் பற்றிப் படரும் டிரைனேரியா என்னும் பெரணியும் இப்படித்தான். கொல்லிமலையில் முடவாட்டுக்கால் கிழங்கு என்று சூப்பு வைக்க விற்கிறார்களே, அதே இனம். வறட்சியில் அதன் பச்சை ஓலைகள் உதிர்ந்துபோகும். அடியில் கிண்ணம்போல் ஒட்டியிருக்கும் பழுப்பு ஓலைகள் மட்டும் நிற்கும். அழகான செடிதான், ஆனால் உங்களுக்கு வேண்டியது அதுவன்று.

உங்கள் இடத்திற்கு இரண்டைச் சொல்வேன். தரைக்கு நெஃப்ரோலெப்பிஸ் என்னும் வாள் பெரணி. பலா மரத்தின் அடிமரத்திற்குப் பறவைக்கூட்டுப் பெரணி. இரண்டுமே தண்ணீர் கிடைத்தால் மாசியிலும் பச்சையாக நிற்கும்.

தோவாளைக்காரன் எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்னது மார்த்தாண்டத்திற்குப் பொருந்தும். மாவட்டம் முழுவதற்கும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வீட்டு வடக்குப்புறமும் நல்ல நிழல்தான். வாள் பெரணியைத் தொட்டியில் வாங்கிவந்து வைத்தேன். தை, மாசியில் ஒன்றும் ஆகவில்லை. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று இறங்கியதும் பத்தே நாளில் ஓலை நுனிகள் எல்லாம் தீய்ந்துவிட்டன. காற்றாலைகளைச் சுழற்றும் காற்றல்லவா? மார்த்தாண்டம் இருக்கும் விளவங்கோட்டில் தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும் அதே நாளில் எங்கள் பக்கம் காற்று மட்டும்தான் வரும். நிழல் இருந்து என்ன பயன்? துணியை வெயில் படாத கொடியில் போட்டாலும் காற்று காய வைத்துவிடுகிறதல்லவா, அதேபோலத்தான் ஓலையும் காய்ந்தது.

பிறகு அதே தொட்டிகளைக் கிணற்றங்கரைக்கும் குளியலறைச் சுவருக்கும் நடுவில் உள்ள மூலைக்கு மாற்றினேன். மேற்குக் காற்று அங்கே நுழையாது. புதிய ஓலைகள் வந்து இப்போது நன்றாக நிற்கின்றன. மாற்றியது இடத்தை மட்டும்தான். மண்ணோ தண்ணீரோ மாறவில்லை.

குலசேகரம் ரப்பர் எழுதியது:

நிழல் என்று பொதுவாகச் சொல்வதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் வீட்டைச் சுற்றி ரப்பர். பத்து மாதம் கும்மிருட்டு. அந்த நம்பிக்கையில் இரண்டு வரிசைகளுக்கு இடையே முப்பது வாள் பெரணிக் கன்றுகளை நட்டேன். ரப்பர் டிசம்பரில் இலை பழுத்து, ஜனவரியில் உதிர்ந்து, மரம் குச்சியாக நிற்கும் என்பது பால் வெட்டுகிற எனக்குத் தெரியாத செய்தியா? தெரிந்தும் நட்டேன். மழை நின்று மண் காயத் தொடங்கும் அதே வாரங்களில் நிழலும் போய்விட்டது. முப்பதும் வெயிலில் வெளுத்து, பிறகு கருகின. புதுத் தளிர் வந்து மரம் மூடியபோது உயிரோடு இருந்தவை நான்கு.

தேக்கும் மாகாணியும் இதே ரகம்தான். உங்களுக்கு வாய்த்திருக்கும் ஆஞ்சிலியும் பலாவும் கோடையில் மொட்டையாகாது. மா, கிராம்பு, ஜாதிக்காய் மரங்களும் அப்படியே. ஆகவே சகோதரிக்கு இடம் நன்றாகவே அமைந்திருக்கிறது.

வடக்குமுற்றம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. மதிலில் முளைப்பது கறுத்த காம்புள்ள விசிறி இலைதான். வாத்தியார் ஐயா பார்க்காமலேயே சொல்லிவிட்டார். எங்கள் இடத்திற்கு மேற்கே வீட்டின் அடுக்களை நீட்டிக்கொண்டிருப்பதால் காற்று அதிகம் வராது. அப்படியானால் வாள் பெரணியையே நடலாம் என்று நினைக்கிறேன். மண்ணை எப்படித் தயார் செய்வது? எங்களுடையது மழையில் குழம்பாகி, வெயிலில் இறுகிவிடும் செம்மண். நடும் காலத்தையும் தெரிவித்தால் நல்லது. குலசேகரத்தில் இருக்கும் வேறொரு நண்பர், பேச்சிப்பாறைக்கு மேலே காட்டில் பெரணி குவிந்து கிடப்பதாகவும் ஒரு சாக்கு நிறையப் பிடுங்கி வரலாம் என்றும் சொல்கிறார். அது சரியா?

பழைய தாவரவியல் வாத்தியார் எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன்: கூடாது. அந்த மலைக்காடுகளின் பெரும்பகுதி 2008-ஆம் ஆண்டு முதல் கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம். அங்கிருந்து அனுமதியின்றிச் செடியை எடுப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் பயனில்லை. ஓடைக்கரையில் எப்போதும் நீர்த்துளி தெறிக்கும் காற்றில் வளர்ந்த செடி, சாக்கில் கட்டி மலையிறங்கி வந்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது. மரப் பெரணிகளை யாராவது கொண்டுவந்து தருவதாகச் சொன்னால் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். சயாத்தியா என்னும் அந்த மரப் பெரணி இனங்களின் பன்னாட்டு வணிகமே கட்டுப்படுத்தப்பட்ட ஒன்று. வாள் பெரணிக்கு இவ்வளவு அலைய வேண்டியதில்லை. யார் வீட்டிலாவது ஒரு தொட்டி இருந்தால், அதிலிருந்து நூல்போல ஓடும் ஓடுதண்டுகளின் நுனியில் குட்டிச் செடிகள் இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள்.

நாற்றங்கால் எழுதியது:

நாகர்கோவில் அருகே சிறிய அளவில் செடி வளர்த்து விற்கிறவன் நான். என் கடைக்கு விளம்பரமாக இதை எழுதவில்லை என்பதால் பெயர் சொல்லவில்லை.

கடைகளில் வாள் பெரணி என்று இரண்டு மூன்று செடிகள் கலந்தே கிடைக்கும். நிமிர்ந்து நிற்கும் குறுகலான ஓலையுடன், வேரைத் தோண்டினால் கோலிக்குண்டு அளவில் செதில் மூடிய கிழங்குகள் இருந்தால், அது நெஃப்ரோலெப்பிஸ் கார்டிஃபோலியா. கிழங்கில் தண்ணீரைச் சேமித்து வைப்பதால் ஓரிரு வாரம் நீர் மறந்தாலும் தாங்கும். ஓலை வளைந்து தொங்குவதும் கிழங்கு இல்லாததும் பாஸ்டன் பெரணி. 1894-இல் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து பாஸ்டனுக்குப் போன ஒரு செடிக் கட்டில் தற்செயலாகக் கண்டெடுத்த மாற்றுரு என்பதால் அந்தப் பெயர். தொங்குதொட்டிக்கு அது அழகு. தரையில் நட்டுவிட்டுக் கோடையில் ஊருக்குப் போகிறவர்களுக்குக் கிழங்குள்ளதைத்தான் நான் எடுத்துக் கொடுப்பேன். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: கிழங்குள்ளது படர்ந்துகொண்டே போகும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அதை ஆக்கிரமிப்புச் செடியாகவே கருதுகிறார்கள். உங்களுக்கு ஒருபுறம் சுவரும் மறுபுறம் மதிலும் இருப்பதால் கவலையில்லை. திறந்த விளையில் நடுகிறவர்கள் ஓரத்தில் ஓட்டுத் துண்டுகளைக் குத்தி வரம்பு கட்டுங்கள்.

மண்ணைப் பொறுத்தவரை, இறுகும் செம்மண்ணில் நேரடியாக நட வேண்டாம். முக்கால் அடி ஆழத்திற்குக் கொத்திவிட்டு, அதே மண்ணில் ஒரு பங்கு, மக்கிய இலை உரம் இரண்டு பங்கு, கதம்பைத்தூள் (தேங்காய் மட்டைத் தூள்) ஒரு பங்கு, ஆற்றுமணலோ உடைத்த ஓட்டுச் சில்லோ ஒரு பங்கு என்று கலந்து நிரப்புங்கள். கதம்பைத்தூளைக் கட்டாயம் மூன்று முறையாவது நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து கழுவுங்கள். உவர்நீரில் கதம்பை ஊறப்போட்டு எடுத்த தூளாக இருந்தால் உப்பு ஏறியிருக்கும். பெரணியின் வேர் உப்பைச் சற்றும் பொறுக்காது. பச்சைச் சாணத்தையும் கோழி எருவையும் அருகிலேயே கொண்டுபோகாதீர்கள்.

நடும்போது குருத்து மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். என்னிடம் 'அழுகிவிட்டது' என்று திரும்பி வரும் செடிகளில் பெரும்பாலானவை, ஆடாமல் நிற்க வேண்டுமென்று குருத்துவரை மண் அணைத்தவைதாம். வேர் மறைந்தால் போதும். செடிக்குச் செடி இரண்டடி விட்டு, இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கி நான்கைந்து மழை பெய்த பிறகு நடுங்கள். மழைக்காலம் முழுவதும் வேர் ஓடினால்தான் தை மாதத்தை அது தாங்கும். கார்த்திகையில் நட்டால் வேர் பிடிப்பதற்குள் வறட்சி வந்துவிடும்.

மணற்கரை எழுதியது:

மணவாளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஒரு சொல். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் வாயில் வைத்தால் கரிக்கும். அதை ஊற்றி வளர்த்த பெரணியின் ஓலைகள் எல்லாம் நுனியிலிருந்து பழுப்பாகி உள்நோக்கி வந்தன. வெயிலும் இல்லை, காற்றும் இல்லை என்பதால் காரணம் பிடிபட வெகுநாள் ஆயிற்று. பிறகு மொட்டைமாடி மழைநீரை ஐந்நூறு லிட்டர் தொட்டி ஒன்றில் பிடித்து, பெரணிக்கு மட்டும் அதையே கொடுக்கிறேன். பழைய நுனி திரும்பப் பச்சையாகாது. ஆனால் அதன்பிறகு வந்த ஓலைகள் நுனிவரை பச்சையாக இருக்கின்றன.

ஆஞ்சிலிக்கொப்பு எழுதியது:

பறவைக்கூட்டுப் பெரணியைப் பற்றி யாரும் விரித்து எழுதவில்லை. என் வீட்டில் அது தொட்டியில் இருக்கிறது. நடுவில் உள்ள கூட்டுக்குள் தண்ணீர் ஊற்றினால் அழுகிவிடும் என்று எல்லோரும் எச்சரிக்கிறார்கள். ஆனால் காட்டில் மரத்தின் மேல் இருக்கும்போது மழை முழுவதும் அதற்குள்தானே விழுகிறது? இதில் எது சரி?

பழைய தாவரவியல் வாத்தியார் எழுதியது:

இரண்டும் சரிதான். மரத்தில் அது சாய்ந்தும், வேர்கள் பஞ்சுபோலப் பின்னியும் இருப்பதால், விழும் மழை வழிந்து இறங்கிவிடும், காற்றும் ஊடாடும். மேலிருந்து உதிரும் சருகுகள் அந்தக் கூட்டில் சேர்ந்து மக்கி, அதுவே அதற்கு உரமாகிறது. மண்ணே தொடாமல் உயரத்தில் வாழும் செடி தனக்கான மண்ணைத் தானே சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. தொட்டியில் நிமிர்த்தி வைத்துக் களிமண் அடைத்து, கூட்டுக்குள் நாள்தோறும் ஊற்றினால் தண்ணீர் தேங்கி இளங்குருத்து அழுகுகிறது. ஆகவே தொட்டியில் சுற்றிலும் ஊற்றுங்கள். மரத்தில் கட்டியிருந்தால் கூட்டுக்குள்ளேயே ஊற்றுங்கள்.

கட்டுவது எளிது. ஆளுயரத்திற்குச் சற்று மேலே, பலாவின் வடக்குப் பக்கத்தில் ஒரு கதம்பையின் உட்புறம் வேர் படியும்படி செடியை வைத்து, தேங்காய் நார்க் கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். கம்பி வேண்டாம், மரம் பருக்கும்போது பட்டையை அறுக்கும். முதல் ஆண்டு கோடையில் நாள்தோறும் தண்ணீர் தெளிக்க வேண்டும். வேர் பட்டையைப் பற்றிக்கொண்ட பிறகு வாரம் இருமுறை போதும். கூட்டில் விழும் பலாச் சருகைக் குப்பை என்று நினைத்து நாள்தோறும் அள்ளிப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

காற்றிலுள்ள ஈரம் பெரணிக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பழைய செய்தி உண்டு. 1829-இல் லண்டனில் நத்தானியல் வார்ட் என்ற மருத்துவர், ஒரு கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு மூடிய கண்ணாடிப் புட்டியில் வைத்திருந்தார். அவருடைய தோட்டத்தில் புகை மண்டிய காற்றால் பெரணிகள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. புட்டிக்குள்ளோ ஒரு பெரணி தானாகவே முளைத்து வந்தது. மண்ணிலிருந்து எழுந்த ஆவி கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே இறங்கியதால் அதற்கு வெளியிலிருந்து தண்ணீர் தேவைப்படவில்லை. உங்கள் வடக்குச் சந்துக்கு இருபுறமும் சுவர், மேலே மரம். ஏறத்தாழ அந்தப் புட்டிதான்.

வடக்குமுற்றம் எழுதியது:

ஆனி மாதம் இரண்டாவது வாரத்தில் பன்னிரண்டு கன்றுகள் நட்டாயிற்று. ஒரு தோழியின் வீட்டிலிருந்து கிழங்குள்ள வகையே கிடைத்தது. பலாவில் பறவைக்கூட்டுப் பெரணி ஒன்றையும் கட்டினேன். மாமியாருக்காக வீட்டுச் சுவரிலிருந்து இரண்டடி அகலத்திற்குச் சல்லி பரப்பி, பெரணியை மதிலோரமாக மட்டும் நட்டிருக்கிறேன். வாசற்படிக்கருகே ஒன்றும் இல்லை. அவருக்கு இப்போது பாதி சமாதானம்.

பழைய தாவரவியல் வாத்தியார் எழுதியது:

உங்கள் மாமியார் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. பெரணியைத் தேடிப் பாம்பு வருவதில்லை. ஆனால் ஈரமும் அடர்த்தியும் உள்ள இடத்திற்குத் தவளையும் எலியும் வரும், அவற்றைத் தேடிப் பாம்பும் வரலாம். கண்ணுக்குத் தெரியும்படி சல்லிப் பாதை விட்டது நல்ல ஏற்பாடு. தரையைத் தொட்டுக் கிடக்கும் பழைய ஓலைகளை அவ்வப்போது அடியோடு நறுக்கிவிடுங்கள்.

வடக்குமுற்றம் எழுதியது:

அவசரமாக ஒரு கேள்வி. ஓலைகளின் அடிப்பக்கத்தில் பழுப்புநிறப் பொட்டுகள் வரிசையாக வந்திருக்கின்றன. செதில்பூச்சி என்று நினைத்து ஒரு ஓலையை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனேன். அங்கிருந்தவரும் பூச்சிதான் என்று ஒரு குப்பியைக் கொடுத்தார். மூன்று செடிகளுக்கு அடித்துவிட்டேன். பூச்சி போகவில்லை, இளம் ஓலைகள் கருகிவிட்டன.

பழைய தாவரவியல் வாத்தியார் எழுதியது:

மீதி ஒன்பதுக்கு அடிக்காதீர்கள்! அவை பூச்சியல்ல, வித்துகள் (ஸ்போர் எனப்படும் நுண்துகள்கள்) உருவாகும் பொதிகள். பெரணிக்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. அதன் இனப்பெருக்கம் அந்தப் பொட்டுகளில்தான் தொடங்குகிறது. ஒரு சிற்றிலையைப் பறித்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நடுநரம்புக்கு இருபுறமும், தையல் போட்டதுபோல ஒரே இடைவெளியில் வரிசையாக இருக்கும். கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றின் மேலும் சிறுநீரக வடிவில் ஒரு மெல்லிய மூடி தெரியும். நெஃப்ரோலெப்பிஸ் என்ற பெயருக்கே சிறுநீரகச் செதில் என்றுதான் பொருள். பூச்சி இவ்வளவு ஒழுங்காக உட்காராது. அது காம்பிலும் நரம்பிலும் தாறுமாறாக ஒட்டியிருக்கும், நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வரும், சுற்றிலும் பிசுபிசுப்பு இருக்கும்.

ஐயம் தீராவிட்டால், முற்றிய ஓலை ஒன்றை வெள்ளைத்தாளின் மேல் பொட்டுகள் கீழே இருக்கும்படி வைத்து, காற்றுப் படாமல் ஒரு புத்தகத்தின் கீழே இரண்டு நாள் விடுங்கள். எடுத்துப் பார்க்கும்போது தாளில் சிற்றிலைகளின் வரிசை பழுப்புத் தூளாகப் படிந்திருக்கும். அந்தத் தூளில் ஒவ்வொரு துகளும் ஒரு வித்து. அது ஈரத்தில் விழுந்து, முதலில் நகக்கண்ணளவுகூட இல்லாத இதய வடிவப் பச்சைத் தகடாக முளைக்கும். அந்தத் தகட்டின் அடியில் நீர்ப்படலம் இருந்தால்தான் கருவுறுதல் நடந்து உண்மையான பெரணி எழும்பும். உங்கள் மதிலில் பாசிக்கு நடுவே யாரும் நடாத பெரணி வந்தது இந்த வழியாகத்தான்.

பெரணியின் ஓலை மெல்லியது; மருந்தையும் எண்ணெயையும் தாங்காது. உண்மையிலேயே செதில்பூச்சி வந்தாலும், அந்த ஓலையை வெட்டி எரிப்பதே நல்லது. வேப்பெண்ணெய்க் கரைசலைக்கூட ஒரே ஓலையில் அடித்து, ஒரு வாரம் பார்த்த பிறகே மற்றவற்றுக்கு அடிப்பேன்.

நாற்றங்கால் எழுதியது:

இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வாள் பெரணியின் மேற்புறத்தில் சிற்றிலை விளிம்பை ஒட்டி ஊசிமுனை அளவில் வெள்ளைப் புள்ளிகள் வரும். அதையும் நோய் என்று என்னிடம் கொண்டுவருவார்கள். நரம்பு நுனிகளில் கசியும் நீர் உலர்ந்து சுண்ணாம்பு படிவதுதான் அது. ஒன்றும் செய்ய வேண்டாம். கவனிக்க வேண்டியது பறவைக்கூட்டுப் பெரணியில் நரம்புக்கு நரம்பு பட்டையாகக் கறுப்பு ஏறுவதை. அது ஓலைக்குள் வாழும் நூற்புழுவாக இருக்கலாம். அப்படிப்பட்ட ஓலையை உடனே நீக்கிவிட்டு, சில நாள்களுக்கு ஓலை நனையாமல் வேருக்கு மட்டும் தண்ணீர் கொடுங்கள்.

பட்டுவிளை எழுதியது:

எங்கள் வீட்டில் இருபது ஆண்டுகளாக நின்ற பெரணித் தோட்டத்தை 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் ஒரே நாளில் அழித்தது. பெரணி மேல் காற்று அடித்ததால் அல்ல; எங்கள் இரண்டு மாவும் ஒரு ஆஞ்சிலியும் சாய்ந்து நிழல் போனதால். அடுத்த மாதமே வெயிலில் எல்லாம் வெளுத்தன. மரம் வளர்வதற்கு நாள் ஆகும் என்பதால் முதலில் ஓலைப் பந்தல் போட்டேன், பிறகு பச்சை நிழல்வலை. அதன் கீழே கிழங்கிலிருந்து தானாகவே துளிர்த்தன. ஒற்றை மரத்தின் நிழலை மட்டும் நம்பியிருக்கிறவர்கள் பக்கத்தில் ஓர் இளமரத்தையும் இப்போதே வளர்த்து வைப்பது நல்லது. சகோதரியின் ஆஞ்சிலி பக்கத்து வீட்டுக்காரருடையது என்பதையும் கவனித்தேன். ஆஞ்சிலித் தடிக்கு என்ன விலை என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

வடக்குமுற்றம் எழுதியது:

சித்திரை பிறந்துவிட்டது. கணக்கை எழுதிவிடுகிறேன். பன்னிரண்டில் மருந்து அடித்த மூன்றில் ஒன்று செத்துவிட்டது. மற்ற இரண்டும் கிழங்கிலிருந்து மறுபடி துளிர்த்தன. மதிலில் முளைத்த விசிறி இலைப் பெரணி வழக்கம்போல் தையில் காய்ந்துவிட்டது. கீழே நட்டவை மாசி முழுவதும் பச்சையாகவே நின்றன. ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் தண்ணீர் விட்டேன். கதம்பைகளைக் கவிழ்த்து, முதுகு மேலே இருக்கும்படி செடிகளுக்கு இடையே பரப்பியிருக்கிறேன். அடியில் கைவைத்தால் மாலையிலும் மண் சில்லென்று இருக்கிறது. உரமாக, பத்து லிட்டர் தண்ணீருக்கு நூறு மில்லி பஞ்சகவ்யம் கலந்து மாதம் ஒருமுறை வேரில் ஊற்றியதைத் தவிர வேறு எதுவும் இல்லை.

பங்குனிக் கடைசியில் ஒரு வாரம் திருச்சிக்குப் போயிருந்தோம். திரும்பி வந்தபோது வெளி ஓலைகள் சில மஞ்சளாகியிருந்தன, அவற்றை நறுக்கிவிட்டேன். நேற்று மாலை இடியோடு முதல் கோடை மழை பெய்தது. இன்று காலை எண்ணிப் பார்த்தேன்: வாத்தியின் பிரம்புத் தலைபோலச் சுருண்ட இளங்குருத்துகள், வெள்ளிநிறப் பூனைமுடியோடு, ஒரு செடியில் மட்டும் ஏழு. பலாவில் கட்டியது நான்கு புதிய ஓலை விட்டிருக்கிறது. பலாச் சருகுகளை நான் எடுக்கவில்லை. கூட்டில் ஒரு சிறு பல்லி குடியிருக்கிறது.

பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஆஞ்சிலியைப் பற்றிக் கேட்டேன். மகளின் கல்யாணத்திற்கு வெட்டலாம் என்று வைத்திருப்பதாகச் சொன்னார். அவர் மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். மதிலின் எங்கள் பக்கத்தில் ஒரு ஜாதிக்காய்க் கன்று நட்டிருக்கிறேன்.

சல்லிப் பாதைக்குள் ஓடுதண்டுகள் நுழையத் தொடங்கிவிட்டன. இந்தப் பருவமழைக்கு இருபது கன்றுகளாவது பிரித்துக் கொடுக்க முடியும். மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில் யாருக்காவது வேண்டுமானால் தனிச்செய்தி அனுப்புங்கள். ஈரச்சாக்கு மட்டும் கொண்டுவந்தால் போதும்.

குலசேகரம் ரப்பர் எழுதியது:

எனக்கு ஐந்து வேண்டும். இந்த முறை ரப்பருக்குக் கீழே நட மாட்டேன். கிணற்றருகே ஒரு பலா நிற்கிறது.